பத்தொன்பது மரம், மூன்று வழி: செயின்சா யார் கையில் இருக்க வேண்டும்?

சோழவந்தான் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். பாதி நெல், பாதி தென்னை. தை அறுப்பு முடிந்த கையோடு, இனிமேல் நிற்கக்கூடாத மரங்களை ஒரு நாள் காலையில் நடந்தே எண்ணினேன். வாய்க்கால் கரையில் சிவப்புக் கூன்வண்டு துளைத்த தென்னை 11. மோட்டார் ரூம் பக்கம் வருஷத்துக்கு வருஷம் சாய்ந்துகொண்டே வரும் வேம்பு ஒன்று. மின்கம்பி மேல் கொப்பு நீட்டிக்கொண்டு நிற்கும் தாத்தா காலத்துப் புளி ஒன்று. அப்பா வரப்போரம் நட்டு, இப்போது வெட்டும் பருவத்துக்கு வந்துவிட்ட தேக்கு நான்கு. ஓடையை ஒட்டி மட்டை காய்ந்த பனை இரண்டு. மொத்தம் 19.

தங்கை வீட்டுக்காரர் கூடவே வந்தார். அவர் மனசில் முடிவு ஏற்கெனவே இருந்தது. "மச்சான், இத்தனை மரத்துக்கு ஆள் கூலி குடுக்கிறதுக்கு ஒரு மிஷினே வாங்கிறலாம். நம்ம வேலை முடிஞ்சதும் அக்கம்பக்கத்துல வாடகைக்கு ஓட்டலாம். ரெண்டே மாசத்துல போட்ட காசு வந்துரும்."

"பாப்போம் மாப்ள" என்று சொல்லி வைத்தேன். எங்களுக்கு இருந்த வழிகள் மூன்று. சொந்தமாக செயின்சா வாங்கி நாமே அறுப்பது. மிஷின் வைத்திருக்கும் ஆட்களைக் கூலிக்குக் கூப்பிடுவது. மர வியாபாரியிடம் நின்ற மேனிக்கு விற்றுவிடுவது. மூன்றுக்கும் கூலிக் கணக்கு போட அரை மணி நேரம் போதும். எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை, அதற்குக் காரணம் பக்கத்துக் காட்டில் கண்ணால் பார்த்த ஒரு சம்பவம்.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக வெட்டு நடந்தது. எங்கள் பக்கம் செயின்சா சத்தம் சகஜமானது அந்தச் சமயத்தில்தான். பக்கத்துக் காட்டுக்காரர் கருவையை எடுத்த கையோடு ஒரு வேம்பையும் சாய்த்தார். விழுந்த மரத்தில் கொப்பு கழித்துக்கொண்டிருந்தார் கூலிக்கு வந்தவர். மிஷின் நுனி அடியில் மறைந்திருந்த இன்னொரு கொப்பில் பட்டது. கண் இமைப்பதற்குள் மிஷின் மேலே எகிறி இடது தோளில் இறங்கியது. மேல்துண்டை மடித்து வைத்து அழுத்திக்கொண்டே 108-க்குச் சொல்லி, மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆள் பிழைத்துவிட்டார், ஆனால் அந்தக் கை பழையபடி மேலே தூக்க வராது. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய் போலீஸ் வந்ததும் முதலில் கேட்ட கேள்வி, "யார் வேலைக்குக் கூப்பிட்டது?" டீ வாங்கிக் கொடுக்க மட்டுமே அன்றைக்குக் காட்டுக்குள் வந்த அந்தக் காட்டுக்காரர் அப்போதுதான் தன்னை ஒரு முதலாளியாக உணர்ந்திருப்பார்.

ஆகவே நான் போட்ட கணக்கு இதுதான்: தப்பு நடந்தால் காயம் யார் உடம்பில், பொறுப்பு யார் தலையில்?

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. வெட்டப் போகும் மரம் வெட்டக்கூடிய மரம்தானா? மூன்று வழியில் எதில் போனாலும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நிலத்துக்காரர். பட்டா நிலத்தில் நிற்கும் தென்னைக்கும் வேம்புக்கும் எங்கள் பக்கம் யாரும் எதுவும் கேட்பதில்லை. தேக்கை வெட்டினால் லாரியில் ஏற்ற வனத்துறையின் கடவுச்சீட்டு வேண்டும். பட்டா, அடங்கல் நகலோடு முதலில் வனச்சரக அலுவலகத்துக்குப் போய்விட்டு, அப்புறம் மிஷினை எடுப்பதுதான் முறை. சந்தனம் தானாக முளைத்து நம் வரப்பில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் கைவைக்க முடியாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். எங்கள் இரண்டு பனையும் நிற்பது பட்டாவிலா ஓடைப் புறம்போக்கிலா என்பதே சந்தேகம். புறம்போக்கு என்றால் மரம் அரசாங்கத்துடையது. 2சி பட்டா என்று சிலர் வைத்திருப்பார்கள், அது புறம்போக்கு மரத்தின் காய் கனியை அனுபவிக்கத்தான், அடியோடு அறுக்க இல்லை. அழகர்மலை அடிவாரத்தில் காடு வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காப்புக்காட்டு எல்லைக்குள் ஒரு கொப்பை அறுத்தாலும் 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச்சட்டப்படி மரத்தோடு மிஷினும் டிராக்டரும் சேர்ந்து போய்விடும்.

ஆகப் பனை இரண்டும் பட்டியலிலிருந்து அப்போதைக்கு நீங்கின. மிச்சம் 17.

சொந்த மிஷின்

மாப்பிள்ளை காட்டிய மிஷின் 58 சிசி, பெட்ரோலில் ஓடுவது, விலையும் மலிவு. ஸ்டில், ஹஸ்க்வர்னா மாதிரி கம்பெனி மிஷின்கள் அதைவிட நல்ல விலை. மலிவானதெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும் முன் கடையிலேயே நாலு விஷயத்தைப் பார்க்க வேண்டும். முன்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்கிறதா? அதுதான் செயின் பிரேக். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் சும்மா ஓடும் எஞ்சினில் செயின் அசையாமல் இருக்கிறதா? பின்பிடியின் மேல் உள்ள பூட்டை உள்ளங்கையால் அழுத்தாமல் ஆக்ஸிலேட்டர் எடுக்கிறதா? எடுக்கக்கூடாது. செயின் அறுந்தால் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு கொக்கி இருக்கிறதா? இதில் ஒன்று இல்லாவிட்டாலும் பணத்தை மடியில் முடிந்துகொண்டு திரும்பிவிடலாம்.

இன்னொன்றும் விற்கிறார்கள். வெல்டிங் கடை கிரைண்டரில் மாட்டிக்கொள்ளும் செயின்சா பிளேடு. வீடியோவில் பார்க்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். அதில் பிரேக்கும் கிடையாது, கைத்தடுப்பும் கிடையாது. கிரைண்டருக்கான வேகத்தில் செயின் சுற்றும். அதைத் தொடவே தொடாதீர்கள்.

செயின்சாவில் எல்லோரும் பயப்படுவது செயின் அறுந்து மேலே அடிக்குமோ என்று. ஆனால் அதைவிட அதிகம் காயப்படுத்துவது மிஷினின் உதை. முழு வேகத்தில் செயின் விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். பிளேடின் மேல்பக்கம் செயின் நம்மைவிட்டு வெளியே ஓடி, மூக்கை, அதாவது பிளேடின் நுனியைச் சுற்றி, அடிப்பக்கம் நம்மை நோக்கி வருகிறது. மூக்கின் மேல் கால்பாகம் எதிலாவது தட்டினால், அங்கே வெட்ட முடியாத பல் மரத்தைக் கவ்விக்கொள்ள, மொத்த வேகமும் பிளேடை மேலேயும் பின்னேயும் தூக்கி எறிகிறது. அது வரும் இடத்தில் நம் கழுத்தும் தோளும் முகமும் இருக்கின்றன. கையை எடுப்போம், தலையைச் சாய்ப்போம் என்பதெல்லாம் நடக்காத காரியம். அவ்வளவு நேரம் கிடைக்காது.

விதிகள் எல்லாம் இந்த உதையைச் சுற்றித்தான் பிறந்தவை. இடது கை கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி அடியில் பூட்டியிருக்க வேண்டும், மற்ற விரல்களோடு மேலே சும்மா வைக்கக்கூடாது. பிளேடுக்கு நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று இடது பக்கம் தள்ளி நிற்க வேண்டும். தோளுக்கு மேல் மிஷினைத் தூக்கி வெட்டக்கூடாது. ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மிஷினை ஓட்டுவதை எங்கள் பக்கம் தினமும் பார்க்கலாம். அப்படி ஓட்டுகிறவர் இத்தனை நாள் தப்பித்தது அதிர்ஷ்டம்தான். ஸ்டார்ட் செய்யும்போது மிஷினைத் தரையில் வைத்து, பின்பிடிக்குள் வலது காலை ஊன்றி, பிரேக்கைப் போட்டுவிட்டு இழுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கவிட்டு இழுப்பது ஸ்டைலாக இருக்கும், தொடையைத்தான் முதலில் கேட்கும். நாலு எட்டு நடந்து அடுத்த மரத்துக்குப் போனாலும் பிரேக்கைப் போட்டுக்கொண்டு நடப்பது நல்லது.

உடுப்பு விஷயத்தில்தான் எங்கள் ஊர் மோசம். கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. செயின் துணியைத் தொட்டால் துணியோடு காலையும் இழுக்கும். செயின்சாவுக்கென்று தைத்த கால்சட்டை இருக்கிறது. அதன் முன்பக்கத்துக்குள் நீள நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் பட்டவுடன் அந்த இழைகள் வெளியே இழுபட்டுப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு மிஷினையே நிறுத்திவிடும். அப்புறம் வலையும் காதடைப்பும் சேர்ந்த தலைக்கவசம். மிஷின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதடைப்பு அலங்காரம் இல்லை. இரும்புக் குல்லா வைத்த பூட்ஸ், கையுறை. இதெல்லாம் ஒழுங்காக வாங்கினால் மலிவு மிஷின் விலையைத் தாண்டும். மாப்பிள்ளையின் கணக்கில் இது இல்லவே இல்லை. "இந்த வெயில்ல இதையெல்லாம் எவன் மச்சான் போடுவான்?" என்றார். நியாயமான கேள்வி. மதுரை வெயிலில் அந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் நின்றால் ஆள் சுருண்டு விழுவார். விடிந்ததும் தொடங்கிப் பத்து மணிக்குள் நிறுத்துவது ஒன்றுதான் வழி. பத்து மணிக்கு மேல் வேலை செய்தே ஆக வேண்டும் என்கிற கூலிக்காரரை விட, சொந்தக் காட்டில் வேலை செய்பவருக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது. சொந்த மிஷினுக்கு ஆதரவாக நான் கண்ட பெரிய நியாயம் அதுதான்.

நிற்கிற மரத்தைச் சாய்ப்பது தனி வித்தை. விழ வேண்டிய பக்கம் வாய் மாதிரி ஒரு வெட்டு, விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை. எதிர்ப்பக்கம் அதைவிடச் சற்று உயரத்தில் பின்வெட்டு. இரண்டும் சந்திக்காமல் நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டுவைக்க வேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி மரத்தைப் பிடித்துத் திருப்பி இறக்குவது அந்த மிச்சம்தான். அதையும் சேர்த்து அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும். விழும் திசைக்கு எதிரே, பின்பக்கம் சாய்வாக, ஓடுவதற்கு இரண்டு வழியைப் புதரெல்லாம் வெட்டி முன்பே சுத்தம் செய்து வைக்க வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில். கயிறு கட்டி டிராக்டரால் இழுத்தால் கயிறு மரத்தைவிட நன்றாக நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் டிராக்டர் மேலேயே உட்காரும்.

தென்னைக்கு இதுவும் போதாது. தென்னையையும் பனையையும் பழைய இலக்கணம் மரக் கணக்கிலேயே சேர்க்காமல் புல் என்று வைத்தது சும்மா இல்லை. அவற்றின் வைரம் வெளியே இருக்கிறது, நடுவில் சோறு. நடுவில் கீல் பிடிமானம் கம்மி. கூன்வண்டு உள்ளே குடைந்த மரம் என்றால் பொந்து எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று வெளியே தெரியாது. மிஷினின் அதிர்விலேயே தலை தனியாக ஒடிந்து, அறுக்கிறவர் மேல் நேராக இறங்கலாம். மட்டையும் குலையும் முதலில் இறக்கி, தலைப்பக்கம் வடம் கட்டித்தான் இதைத் தொட வேண்டும். சாய்ந்த வேம்பில் ஆபத்து வேறு மாதிரி. சாயும் பக்கம் ஏற்கெனவே பாரம் இழுக்கிறது, பின்வெட்டு பாதியில் இருக்கும்போதே மரம் நெடுக்காகப் பிளந்து பின்பாதி மேலே எகிறி முகத்தில் அறையும்.

இத்தனையும் ஒரு வாரத்தில் படித்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை நினைத்தார். நான் நினைக்கவில்லை.

சட்டப்படி பார்த்தால் சொந்த மிஷினில் நமக்கு நாமே காயம் செய்துகொண்டால் இழப்பீடு கேட்க ஆளே இல்லை. வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவில் விபத்தில் உயிர் போனால் 2 லட்சம், ஒரு கையோ காலோ கண்ணோ போனால் 1 லட்சம். கட்டைவிரல் போனால் ஒன்றும் இல்லை. வாடகைக்கு ஓட்டும் யோசனையில் இன்னொரு சிக்கல்: அடுத்தவர் காட்டில் மாப்பிள்ளை சாய்த்த மரம் அங்கே நிற்கும் ஒருவர் மேல் விழுந்தால், கவனக்குறைவால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு வரும். 2024 ஜூலை முதல் அதற்கு ஐந்து ஆண்டு வரை தண்டனை. பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டுதான்.

கூலிக்கு ஆள்

மூன்று பேர் வருவார்கள். ஒருவர் மிஷின், ஒருவர் வடம், ஒருவர் கொப்பு இழுக்க. வேலை தெரிந்தவர்கள். கஜா புயலில் 2018-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தபோது இங்கிருந்து போய் மாதக்கணக்கில் அறுத்தவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவர் தென்னையைச் சுற்றி ஒரு சுற்று வந்து, கத்தி முதுகால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தே பொந்து எங்கே என்று சொல்லிவிடுவார். மாப்பிள்ளை பத்து வருஷம் அறுத்தாலும் அந்தக் காது வருமா தெரியாது.

திறமை கூடுகிறது, பொறுப்பும் கூடுகிறது. கூலிக்குக் கூப்பிட்டவர் முதலாளி. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் தோட்டக்கலை, காட்டு வேலை, இயந்திர சக்தியால் நடக்கும் விவசாய வேலை எல்லாம் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆனால் வேலையின்போது அடிபட்டால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்கிற அடிப்படை மாறவில்லை. "ஒரு நாள் வேலைக்குத்தானே வந்தார்" என்பது தப்பிக்கும் வழி இல்லை. தற்காலிக வேலைக்காரருக்கு இருந்த விலக்கை 2000-த்திலேயே எடுத்துவிட்டார்கள்.

தொகை எவ்வளவு என்று பலர் யோசிப்பதே இல்லை. உயிர் போனால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பின்படி கணக்கில் வருவது 15,000 ரூபாய். ஆக 7,500 பெருக்கல் 184.17, அதாவது 13,81,275 ரூபாய். உயிர் பிழைத்து முழுசாக முடமானால் பாதிக்குப் பதில் 60 சதவீதம், அது 16,57,530. கட்டைவிரல் ஒன்று போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று அட்டவணை சொல்கிறது, அதற்கு 4,97,259 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, மேலே அபராதமும் வரலாம். எங்கள் மூன்று ஏக்கரில் இந்தப் பணத்தை எடுக்க எத்தனை போகம் அறுக்க வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் இதற்கு இரண்டு நாட்டு வைத்தியம் உண்டு. ஒன்று, "எனக்கு ஏதாவது ஆனால் நானே பொறுப்பு" என்று வெள்ளைப் பேப்பரில் கைநாட்டு வாங்குவது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது, அந்தப் பேப்பரை வைத்து வடை மடிக்கலாம். இன்னொன்று, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு தொகை பேசி முடிப்பது. உயிர் போன வழக்கில் பணத்தைத் இழப்பீட்டுக்கென்று உள்ள அதிகாரியிடம் கட்ட வேண்டும் என்பதுதான் பழைய சட்டத்திலிருந்தே இருக்கும் முறை. குடும்பத்தார் கையில் நேரே கொடுத்தது முழு இழப்பீடாகக் கணக்கில் வராது. ஈரம் இருக்கிறவர் அந்த நேரத்தில் கொடுப்பார்தான், கொடுக்கவும் வேண்டும். ஆனால் கணக்கு அதோடு முடிந்ததாக நினைக்கக்கூடாது.

உபயோகமான ஒரு இடமும் சட்டத்தில் இருக்கிறது. சாவோ முழு முடமோ இல்லாத காயத்தில், அடிபட்டவர் குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்னதை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைத் தானே கழற்றியிருந்தாலோ, வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லை. இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். நாம் ஒன்றும் சொல்லாமல், ஒன்றும் கொடுக்காமல் இருந்தால் இந்த விலக்கு நமக்குக் கிடைக்காது. எனவே கவசத்தை நாமே வாங்கி வைத்து, போடுங்கள் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். வாயில் வாடை அடித்தால் அன்றைக்குக் கூலியைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளில் தொழிலாளர் இழப்பீட்டுக்கென்றே பாலிசி இருக்கிறது, சில நாள் வேலைக்கும் கேட்டுப் பார்க்கலாம். நான் வக்கீல் இல்லை, ஆனால் கேட்ட வக்கீல் ஒருவர் இந்தப் பாலிசியைத்தான் முதலில் சொன்னார்.

நின்ற மேனிக்கு விற்பது

இதில் வேலை சீக்கிரம் முடியும். வியாபாரி வந்து பார்த்து, வேம்புக்கும் புளிக்கும் டன் கணக்கில், தேக்குக்குக் கன அடியில் விலை பேசுவார், முன்பணம் கொடுப்பார், ஆளும் மிஷினும் லாரியும் அவரே கொண்டுவருவார். அறுக்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அவர், ஆகவே முதலாளியும் அவர்தான். விலை நாமே அறுத்து விற்பதைவிடக் குறைவு. அந்தக் குறைவை நான் இன்சூரன்ஸ் பிரீமியமாகத்தான் பார்க்கிறேன்.

ஆனால் வாய்ப்பேச்சில் விற்றால் இந்தப் பிரீமியம் வீண். விபத்து நடந்த மறுநாள் வியாபாரி, "மரம் அவருது, ஆள் பிடிச்சது மட்டும்தான் நான்" என்று சொன்னால் எதை வைத்து மறுப்பது? ஒரே ஒரு பக்கம் எழுதினால் போதும்: இன்ன இன்ன மரம் இன்ன விலைக்கு விற்றாச்சு, அறுக்கும் ஆட்கள் வியாபாரியின் ஆட்கள், அவர்கள் இழப்பீடு அவர் பொறுப்பு, கடவுச்சீட்டு யார் எடுப்பது, வாய்க்கால் கரையோ பைப்போ உடைந்தால் யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள் முடிப்பது. கையெழுத்துப் போட யோசிக்கிற வியாபாரிக்கு மரத்தைக் கொடுக்க நானும் யோசிப்பேன்.

எழுதி வாங்கிய பிறகும் நம் காட்டில் நடப்பதற்கு நாம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. "அந்தக் கொப்பையும் சேத்து அறுத்து விடுங்கண்ணே" என்று நாம் கைநீட்டிச் சொன்ன கொப்பு ஒருவர் மேல் விழுந்தால், விற்பனைப் பேப்பர் நமக்குக் குடை பிடிக்காது. வியாபாரிக்கு நேரம்தான் காசு, அவர் ஆட்கள் அவசரப்படுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பதை விரட்டுவதாவது நம் வேலை.

கம்பிப் பக்கத்து மரம்

இதில் மூன்று வழிக்கும் இடமே இல்லை. பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். கொப்பு கம்பியில் பட்டால் அறுக்கிறவர், வடம் பிடித்தவர், மரத்தைத் தொட்டு நின்றவர் எல்லோருக்கும் ஒரே கதிதான். ட்ரான்ஸ்பார்மரில் நாமே பீஸைப் பிடுங்கிவிட்டு அறுக்கும் துணிச்சல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது பம்பு செட்டுக்குக் கரண்ட் இல்லையே என்று வந்து பீஸைப் போட்டுவிட்டால்?

பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்வாரிய ஆள் வந்து லைனை நிறுத்தி, தானே பக்கத்தில் நிற்கும்போதுதான் மிஷின் ஓட வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணிலும் புகாராகப் பதியலாம், பதிவு எண் கிடைக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று: 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவில், மின்பாதைக்கு இடைஞ்சலான மரத்தை அகற்ற உத்தரவிடும்போது, கம்பி வருவதற்கு முன்பே நின்ற மரமாக இருந்தால் அதன் சொந்தக்காரருக்கு இழப்பீடு உண்டு. எங்கள் புளியை நட்டது தாத்தா. கம்பி வந்தது எனக்கு நினைவு தெரிந்த பிறகு.

கடைசியில் மரத்துக்கு ஒரு வழியாகப் பிரித்தோம். கூன்வண்டுத் தென்னை 11-ஐயும் கஜாவுக்குப் போய்வந்தவரிடம் கொடுத்தேன். பாலிசி எடுத்து, தலைக்கவசமும் கால்சட்டையும் நான் வாங்கி வைத்து, மாசியிலேயே முடித்தோம். ஆடிக் காற்றில் தென்னையைச் சாய்க்க அவரும் ஒத்துக்கொள்ள மாட்டார். முதல் நாள் கால்சட்டையைப் பார்த்துச் சிரித்தவர், மூன்றாவது நாள் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். வேம்பும் தேக்கும் எழுத்துமூலம் வியாபாரிக்கு. வேம்பு போய்விட்டது, தேக்கு மட்டும் கடவுச்சீட்டுக்காக நிற்கிறது.

மாப்பிள்ளை மிஷின் வாங்கினார். வாங்காமல் இருப்பாரா? ஆனால் நான் சொன்ன நாலு விஷயத்தையும் கடையில் பார்த்துத்தான் வாங்கினார், 58 சிசி இல்லை, அதைவிடச் சின்னது. எங்களுக்குள் ஒப்பந்தம்: தரையில் கிடக்கிற கட்டை மட்டும், இடுப்புக்குக் கீழே மட்டும், தனியாக இருக்கும்போது கிடையாது. தென்னந்தடிகளை அவர்தான் துண்டு போட்டார். தென்னையின் ஓடு செயின் பல்லை ஒரே நாளில் மழுக்கிவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி அழுத்தி அறுத்தவரை நிறுத்தி, அரம் பிடிக்கக் கற்றுக்கொள்ளச் சொன்னதோடு அன்றைய வேலை முடிந்தது.

புளி இன்னும் நிற்கிறது. மின்வாரியத்தில் கொடுத்த மனுவில், கம்பிக்கு முந்திய மரம் என்பதை ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறேன்.